முதுகுக்குப் பின்னால் விழுந்த மரம்

திரும்பிப் பார்த்தபோது, எங்கள் வண்டி நின்ற இடத்தில் ஒரு மரம் படுத்திருந்தது.

சற்று முன்வரை அது நின்றுகொண்டிருந்த மரம். பெரிய தூங்குமூஞ்சி மரம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோர விடுதி ஒன்றில் கல்யாண வரவேற்பு. மைக் செட் எங்களுடையது. வண்டி வெயிலில் காயக் கூடாது என்று அந்த மரத்தடியில் நிறுத்தச் சொன்னவன் நான்தான். பெட்டிகளை எல்லாம் இறக்கியாகிவிட்டது. கடைசியாக ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையைப் பார்த்து நடந்தேன்.

பாதிப் புல்தரையில் காலுக்கடியில் மண் லேசாக அதிர்ந்தது. பக்கத்து வீட்டில் யாரோ அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். கடற்கரைச் சாலையில் கனரக லாரி ஏதோ போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரே பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்தபடி என் பக்கமே பார்த்தார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையைப் போட்டுவிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது, மரியாதைக்கு ஒதுங்கி நிற்போம் என்றுதான் திரும்பினேன்.

வண்டியின் முன்பக்கம் காணவில்லை. நான் நடந்து வந்த தடத்தின் மேலேயே ஒரு கிளை நீளமாகக் கிடந்தது. அதன் நுனி இலைகள் என் குதிகாலுக்குக் கொஞ்சம் தள்ளி இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

ஒயர் சுருள் தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அது விழுந்த சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

தூரத்திலிருந்து செல்வம் ஓடி வந்தான். செங்கல்பட்டில் நான் மைக் செட் கடை போட்ட நாளிலிருந்து அவன் என் கூட்டாளி. அச்சரப்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிட ஒரு வயது சின்னவன். வந்தவன் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். உதடுகள் அசைந்தன. என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. அதிர்ச்சியில் காது அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன்.

அந்த அதிர்ச்சி வேறு, அதற்குப் பின்னால் வரிசையாக வந்த அதிர்ச்சிகள் வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

மகள் கொண்டுவந்த காடு

என் மகள் நிலோபருக்குப் பொத்தேரியில் கல்லூரிப் படிப்பு. காலை ரயிலில் போவாள், சாயங்காலம் ரயிலில் ஏதாவது ஒரு கேள்வியோடு வருவாள். மரம் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு அவள் கொண்டுவந்தது ஒரு காடு.

"அத்தா, ஒரு காடு. அங்க ஆளே கெடையாது. ஒரு மரம் வுழுது. சத்தம் வந்துச்சா, வரலியா?"

"இதுல இன்னா சந்தேகம்? அம்மாம்பெரிய மரம் வுழுந்தா சத்தம் வராம இருக்குமா?"

"யாரு கேட்டாங்க?"

"யாரு கேக்கணும்? ஆளில்லாத மைதானத்துல நான் செட்ட ஆன் பண்றேன். ஜெனரேட்டரு டீசல் குடிச்சுகினுதான கீது? அப்ப சத்தம் கீதுன்னுதான அர்த்தம்."

நிலோபர் தட்டில் விரலால் ஒரு கோடு போட்டாள். "காத்து ஆடுது அத்தா. அவ்ளோதான். அது ஒருத்தர் காதுக்குள்ள போயி மூளைக்குப் போனாதான் சத்தம். கேக்க யாரும் இல்லன்னா வெறும் காத்தாட்டம்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடமாக நான் ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டிவிட்ட காற்றைத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று என் மகள் என் சோற்றைத் தின்றுகொண்டே சொல்கிறாள்.

அப்போது அடுப்படியிலிருந்து என் மனைவி ரஹ்மத் என்னவோ சொன்னாள். நிலோபருக்குப் புரை ஏறுகிற மாதிரி சிரிப்பு வந்தது.

"உங்கம்மா இன்னா சொன்னா?" என்றேன்.

அவள் இன்னும் அதிகமாகச் சிரித்தாள். ரஹ்மத் சொன்னது என்ன என்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. "காட்டுக்கு எதுக்குப் போற? இந்த வூட்லயே நான் காலைலருந்து கத்துறேன். சத்தம் வந்துச்சான்னு உங்கத்தாவ கேளு."

ஆளில்லாத கூட்டம்

மகளிடம் தோற்க மனமில்லாமல் என் தொழிலிலிருந்து ஒரு சாட்சியை இழுத்து வந்தேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மதுராந்தகம் தாண்டி ஒரு கிராமத்தில் தேர்தல் கூட்டம். எந்தக் கட்சி என்பது வேண்டாம், எல்லாக் கட்சிக்கும் நான் மைக் கட்டியிருக்கிறேன். பேச்சாளர் வருவதற்குள் மழை வந்துவிட்டது. ஜனங்கள் நாற்காலியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாற்காலிகளும் போய்விட்டன. கட்சிக்காரர்கள் எதிர்ப் பக்கத்து டீக்கடைக்குள் அடைந்துவிட்டார்கள். மேடைக்கு முன்னால் தேங்கிய தண்ணீர் மட்டும்தான்.

பேச்சாளர் வந்தார். மேடை மேல் தகரம் போட்டிருந்ததால் அவர் நனையவில்லை. தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார். பேசினார். எதையும் விடாமல் முழுதும் பேசினார். கடைசியில் குரலை உயர்த்தி, "நான் கேட்கிறேன், புரிகிறதா உங்களுக்கு?" என்றார்.

பதில் இல்லை. மழைதான். மனுஷன் அப்படியே நின்றார். போகவும் மாட்டேன் என்கிறார். கடைசியில் ஜெனரேட்டருக்குப் பின்னால் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த செல்வம், "புரியுதுண்ணா, முடிச்சிக்கோ" என்று கத்தினான். அவர் நன்றி சொல்லி இறங்கினார்.

"பாத்தியா, யாருமே இல்ல. ஆனா கூட்டம் நடந்துச்சு," என்றேன் மகளிடம்.

"நீங்க ரெண்டு பேரு இருந்தீங்கல்ல அத்தா. அது கணக்குல சேராது," என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டாள்.

நெஞ்சுரம்

விடுதிக்குத் திரும்புவோம். என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் அழுவேன், மயங்குவேன் என்று எதிர்பார்த்தவர்கள் முகத்தில் மெதுவாக வேறொரு பாவம் வந்தது. மரியாதை.

மாப்பிள்ளையின் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். மணிக்கட்டு நிறைய சந்தனம். குனிந்து என் முகத்துக்கு நேராகப் பேசினார். அதனால் கேட்டது.

"பாய், நான் பாத்துகினே இருந்தேன். அம்மாம் மரம் இடி மாதிரி வுழுது. இங்க கீறவன் எல்லாம் தரையில படுத்துட்டான். நீ திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு அடி எடுத்து வெச்ச பாரு, அதான் நெஞ்சுரம்."

இதற்கு நான் என்ன சொல்வது? "அதெல்லாம் பழக்கம்தான்" என்றேன்.

அது பரவிவிட்டது. வரவேற்புக்கு வந்தவர்கள் மாப்பிள்ளை பெண்ணோடு ஒரு படமும், விழுந்த மரத்தடியில் என்னோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டார்கள். சில நாட்கள் கழித்துச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் இந்தக் கதையை என்னிடமே சொன்னார். அதில் யாரோ ஒரு பாய் விழுகிற கிளையை ஒரு கையால் தள்ளிவிட்டுப் போய் மைக்கை எடுத்து 'ஹலோ' சொல்கிறார்.

புகழாத ஒரே ஆள் செல்வம். அன்று முழுக்க வேலையைப் பார்த்தான். என் பக்கம் வரவேயில்லை. நாகஸ்வரம் முடிந்து இன்னிசைக் குழு ஆரம்பித்த பிறகு என் சட்டையைப் பிடித்து வெளியே சாலையோர டீக்கடைக்கு இழுத்துப் போனான். எதிரே உட்கார்ந்து, முகத்துக்கு நேராக, நிறுத்தி நிறுத்திக் கேட்டான்.

"பாய், நான் கூப்ட்டது உனுக்கு கேட்டுச்சா?"

"கேட்டுது."

"கேட்டுட்டு ஏன் திரும்பல?"

"வேலையா போய்கினு இருந்தேன்."

"இன்னான்னு கூப்ட்டேன்?"

"பாய்னுதான்."

செல்வம் கிளாசைக் கீழே வைத்தான்.

"இல்ல. ஜாபர்னு கூப்ட்டேன்."

நான் அவனையே பார்த்தேன்.

"மொதல்ல பாய்னுதான் கத்துனேன். பிரியாணி மாஸ்டர் கீறாரே, அவரும் பாய்தான. கரண்டியப் போட்டுட்டு அவரு ஓடிட்டாரு. நீ போய்கினே கீற. அதான் பேரச் சொல்லிக் கத்துனேன். ஜாபரு, ஜாபருன்னு. ஒரு தபா இல்ல. பாரு, தொண்ட கட்டிகிச்சு."

உண்மையிலேயே அவன் குரல் உடைந்திருந்தது. அதுவரை அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செல்வம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. கடை திறந்த அன்று பாய். என் நிக்காஹ் அன்று பாய். ஒருமுறை பெரிய சண்டை வந்து மாதக்கணக்கில் பேசாமல் இருந்தபோதும் ஆள் விட்டுச் சொன்னது "பாய்கிட்ட சொல்லிடு" என்றுதான். என் பெயர் அவன் வாயில் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அது ஒரே ஒரு நாள், ஊரே கேட்க, தொண்டை கிழிய வந்திருக்கிறது. பூக்காரப் பெண்ணுக்குக் கேட்டிருக்கிறது. பிரியாணி மாஸ்டருக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை.

கிளாசை எடுக்கப் போய்த் தட்டிவிட்டேன். டீ மேசையில் சிந்தியது. செல்வம் ஒரு பழைய பேப்பரால் துடைத்தான்.

"நாளைக்கு காது டாக்டர்கிட்ட போறோம்," என்றான்.

கண்ணாடி அறை

செங்கல்பட்டிலேயே ஒரு மருத்துவமனை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் என்னை உட்கார வைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே ஒரு சின்ன வயதுப் பெண் கருவியோடு உட்கார்ந்திருந்தாள்.

ஒலியிலேயே ஊறியவன் ஒலிப் பரீட்சையில் தோற்பதா? நான் அமுக்கினேன். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி அமுக்கினேன். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

"சார், நான் இன்னும் சவுண்டே குடுக்கல."

என் மகள் கேட்டது, சத்தம் வந்தும் கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று. சத்தமே வராமல் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்கு எந்தத் தத்துவம் என்று அவள் புத்தகத்தில் இருக்கிறதா தெரியவில்லை.

பிறகு ஒழுங்காகச் செய்தேன். டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் சமமாக வந்து, அப்புறம் திருக்கழுக்குன்றத்து மலைப்படி மாதிரி கீழே இறங்கியது. கனத்த ஒலிகள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன, கீச்சு ஒலிகள் எல்லாம் போய்விட்டன, இது வருடக்கணக்காக நடந்திருக்கிறது என்றார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"விவசாயம்," என்றேன்.

"மைக் செட்டு டாக்டர்," என்றான் பக்கத்திலிருந்த செல்வம்.

இரண்டு காதுக்கும் கருவி வைத்தார்கள். வெளியே வந்து படியில் இறங்கியதும் யாரோ என்னைத் தொடர்ந்து வருகிறார்கள் என்று திடுக்கிட்டு நின்றேன். என் செருப்புச் சத்தம். பிளாஸ்டிக் பையைக் கசக்கினால் தீப்பிடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் மின்விசிறி ரிப்பேர் என்றேன். அது நிலோபர் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படித்தான் கத்துகிறதாம்.

அன்று அடுப்பைப் பார்த்தபடி நின்ற ரஹ்மத் தனக்குத்தானே சொன்னாள்: "மெஷின் வந்தா மட்டும் இந்த மனுஷன் திருந்தவா போறாரு."

"திருந்திடுவேன்," என்றேன்.

அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்தச் சத்தமும் எனக்குக் கேட்டது. ரஹ்மத் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. இத்தனை வருடம் என்னென்ன சொன்னோம் என்று அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து பல நாள் எங்கள் அடுப்படி மிகவும் அமைதியாக இருந்தது.

என் கை வைத்த ஒலி

இதெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கக்கூடியவை. அடுத்தது அப்படியில்லை.

கருவி வைத்த பிறகு முதல் வேலை செய்யூர் பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பெட்டிகளை நிறுத்தி, மிக்ஸரில் எப்போதும் போல நானே அளவு வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன், அவ்வளவு பழக்கம். இந்தத் திருகு இங்கே, அந்தத் திருகு அங்கே. பாட்டைப் போட்டேன்.

எவர்சில்வர் தட்டில் யாரோ ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. மண்டபம் முழுக்க அந்தக் கீறல். பாடுகிறவர் தொண்டையில் தகரம் மாட்டிக்கொண்ட மாதிரி. நான் காதைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

"இன்னா இது? யாரு இப்டி வெச்சது?"

"நீதான்," என்றான் செல்வம்.

மிக்ஸரைப் பார்த்தேன். கீச்சு ஒலிக்கான திருகுகள் எல்லாம் கடைசி வரை ஏற்றியிருந்தன. நான்தான் ஏற்றியிருந்தேன். என் பழைய காதுக்கு அந்த அளவில்தான் பாட்டு பாட்டாகக் கேட்டிருக்கிறது.

"எப்பலருந்து இப்டி வெக்கிறேன்?"

"ரொம்ப நாளா."

எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழா, எத்தனை பெருநாள் கூட்டம். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை எத்தனை பேர் காதில் ஆணி அடித்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊர்ல ஒருத்தரும் சொல்லலியே. ஜாபர் பாய் செட்டுன்னா கேக்க எதமா இருக்கும்னுதான சொல்றாங்க."

செல்வம் மிக்ஸர் பக்கம் போனான். ஒவ்வொரு திருகாக இறக்கினான். ஆணி போய்விட்டது. பாடுகிறவர் மனுஷர் ஆனார். தபேலாவின் விரல் தட்டல்கூடத் தனியாகக் கேட்டது.

"நீ வெச்சிட்டு அந்தாண்ட போனதும் இப்டி எறக்கிடுவேன்," என்றான். "நீ திரும்பி வரத பாத்தா ஏத்திடுவேன்."

"இத்தன வருஷமா?"

"ஆமா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"மைக் செட்டுக்காரன்கிட்ட போயி உனுக்கு காது போச்சுன்னு எப்டி பாய் சொல்றது?" அவன் என்னைப் பார்க்காமல் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். "நீயா ஒருநாள் தெரிஞ்சிக்குவன்னு இருந்துட்டேன். அன்னிக்கி மரம் சாயறப்ப நீ பாட்டுக்கு போற. நான் கத்துறேன், நீ போற. இத்தினி நாளா வாயத் தொறக்காம நான்தான் உன்ன கொன்னுட்டேன்னு நெனச்சேன். அதுக்கப்பறம்தான் நீ திரும்புன."

மண்டபத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. அடுக்கி வைத்த நாற்காலிகளும் நாங்கள் இரண்டு பேரும்தான். வாடகை வண்டி ஓட்டி வந்த களைப்பா, அந்தப் பேச்சா தெரியவில்லை, செல்வம் முகம் வீங்கின மாதிரி இருந்தது. அவன் கையிலிருந்த ஒயரின் மறுமுனையைப் பிடித்து நானும் சுற்றினேன்.

பிற்பாடு நிலோபரிடம் இதைச் சொன்னேன். ஒரே மரம்தான் விழுந்தது அம்மா. பந்தல்காரனுக்கு இடி. பிரியாணி மாஸ்டருக்குத் தன் பெயர். எனக்கு அரிசி மூட்டை. செல்வத்துக்கு அது என்னவாகக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. உன் காட்டில் ஆளே இல்லாதது நல்லதுதான், ஆள் இருந்தால் கேள்வி இன்னும் மோசமாகிறது என்றேன்.

அன்று செய்யூர் மண்டபத்தில் ஒயரைச் சுற்றி முடித்தபோது, வெட்கத்தை விட்டு செல்வத்திடம் ஒன்று கேட்டேன்.

"செல்வம், இப்பதான் எனக்கு நல்லா கேக்குதே. அன்னிக்கி கூப்ட்ட மாதிரி ஒரு தபா பேரச் சொல்லிக் கூப்புடேன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். காதிலிருந்த கருவியைப் பார்த்தான். ஒயர் சுருளைத் தோளில் மாட்டினான்.

"இன்னொரு மரம் வுழட்டும் பாய், கூப்புடுறேன்," என்று சொல்லிவிட்டு மைக்கைத் தட்டிப் பார்க்க மேடைக்குப் போய்விட்டான்.